முப்பத்தெட்டாவது வீடு

அந்தப் பள்ளியில் அவளுக்கு ‘வீட்டு டீச்சர்’ என்று பெயர். வீட்டில் வைத்து டியூஷன் எடுக்கிறவள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். அதெல்லாம் இல்லை. வருஷம் தொடங்கி இரண்டு மாதத்துக்குள் தன் வகுப்பிலிருக்கிற ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் ஒரு தடவை போய், பத்து நிமிஷமாவது உட்கார்ந்துவிட்டு வராவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. பதினாறு வருஷமாக இப்படித்தான். மழை, வெயில், கால்வலி எதுவும் அவளை நிறுத்தியதில்லை. ஒரு வீட்டில் நாய் கடித்தது. ஊசி போட்டுக்கொண்டு மறுநாள் அதே வீட்டுக்குப் போய்க் கதவைத் தட்டினாள். நாய்க்காரர் முகத்தில்தான் ஈயாடவில்லை.

போகிற வீட்டில் அவளுக்கென்று சில முறைகள் உண்டு. முதல் தடவை போகும்போது குறை சொல்லக் கூடாது. பிள்ளை பள்ளிக்கூடத்துக்கே தீ வைத்திருந்தாலும் சரி, அதை இரண்டாம் தடவைக்கு வைத்துக்கொள்ள வேண்டும். கையில் நோட்டோ பேனாவோ இருக்கக் கூடாது. இருந்தால் விசாரணைக்கு ஆள் வந்த மாதிரி வீட்டுக்காரர்கள் நெளிவார்கள். கட்டிலோ தரையோ கவிழ்த்துப் போட்ட வாளியோ, எங்கே உட்காரச் சொல்கிறார்களோ அங்கே உட்கார வேண்டும். கொடுப்பதைக் குடிக்க வேண்டும். எழுந்திருக்கும் முன் ஒரே ஒரு கேள்வி: “உங்க பிள்ளையப் பத்தி எனக்குத் தெரியாதது எதாவது சொல்லுங்க.” அவர்கள் சொல்வதைத் தெருமுனை திரும்பிய பிறகுதான் ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொள்வாள். கணக்குப் பாடத்தில் தூங்கி வழிகிற ஒருவன், விடியற்காலையில் எழுந்து தன் இரட்டைத் தம்பிகளுக்குப் பால் கலக்கிக் கொடுக்கிறவன் என்பது இப்படித்தான் தெரிந்தது. வகுப்பில் வாயே திறக்காத ஒருத்தி வீட்டில் மூன்று பேர் பேச்சைத் தனியாகப் பேசித் தீர்க்கிறவள் என்பதும் அப்படித்தான்.

வீட்டில் ஆள் இல்லையென்றால் வேலை செய்கிற இடத்துக்கே போய்விடுவாள். லாரி ஓட்டுகிற அப்பா ஒருவரைச் சரக்குக் கொட்டகையில், அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்தாள். முடி வெட்டுகிற அம்மா ஒருத்திக்குக் கடையை விட்டு நகர முடியாது. டீச்சர் போய் வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்தாள். முடி வெட்டிக்கொண்டே பேச்சு நடந்தது. மறுநாள் முடியைப் பார்த்த மற்ற டீச்சர்கள், “எந்தப் பிள்ளையோட அம்மா?” என்றுதான் கேட்டார்கள்.

போனும் அப்படித்தான். பள்ளியிலிருந்து வருகிற முதல் அழைப்பு நல்ல சேதியாக இருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். ஒரு வெல்டருக்கு இப்படிப் போன் போட்டாள். எடுத்ததுமே அவர், “இப்ப என்னத்த உடைச்சான்?” என்றார்.

“ஒண்ணும் உடைக்கலைங்க. பக்கத்துல உக்காந்திருக்கிற பிள்ளைக்கு இன்னைக்குக் கணக்குச் சொல்லிக் குடுத்தான். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.”

“டீச்சர், நம்பர் மாறிப் போட்டுட்டீங்க போலருக்கு” என்றார் வெல்டர். அதற்கப்புறம் அந்த மனிதர் பள்ளியில் எந்த ஜன்னல் கம்பி விட்டுப்போனாலும் கூப்பிடாமலே மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

தலைமையாசிரியை மற்ற டீச்சர்களையெல்லாம் உட்கார வைத்து, இவளைப் பேசச் சொன்னாள். “இவங்களுக்குப் பிள்ளைங்க மேல அவ்வளவு அன்பு” என்று அறிமுகமும் செய்து வைத்தாள். டீச்சர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டாள். அன்பாவது மண்ணாவது. இந்தப் பதினாறு வருஷ நடைக்கும் பெயர் வன்மம். ஒரே ஒரு ஆள் மேல் இருந்த வன்மம். அந்த ஆள் என்ன செய்தானோ அதற்கு நேர் எதிராகச் செய்ய வேண்டும், செய்துகொண்டே இருக்க வேண்டும், ஒவ்வொரு வீட்டுப் படியேறும்போதும் அவன் மூஞ்சியில் ஒரு மிதி விழ வேண்டும். அவள் படியேறியது அதற்குத்தான்.

அவளுக்குப் பத்து வயசு அப்போது. அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் சலவை அறையில் வேலை. நோயாளிகளின் படுக்கை விரிப்பு, டாக்டர்களின் கோட்டு, எல்லாம் மூட்டை மூட்டையாக வரும். கொதிக்கிற தண்ணீரிலும் பிளீச்சிங் பவுடரிலும் ஊறி ஊறி அம்மாவின் விரல் நுனிகள் வெளிறித் தோலுரிந்து கிடக்கும். அந்த வாடை குளித்தாலும் போகாது. ஐந்தாம் வகுப்பு வாத்தியாருக்கு வயசு இருபத்தேழு இருக்கும். சட்டைக் காலருக்குள் எப்போதும் மடித்த கைக்குட்டை ஒன்றைச் செருகியிருப்பார், அதனால் பிள்ளைகள் வைத்த பெயர் ‘கைக்குட்டை சார்’. இங்கே மரியாதைக்கு ‘அவர்’ என்று சொல்கிறேன், டீச்சரின் மனசுக்குள் இருபத்தெட்டு வருஷமாக அவர் ‘அவன்’தான்.

பெற்றோர் கூட்டத்துக்கு அம்மா வேலையிலிருந்து பாதியில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஈரத் துணியோடு ஓடி வந்தாள். வகுப்பு வாசலில் கால் வைத்ததும் கைக்குட்டை சார் காலரிலிருந்து கைக்குட்டையை உருவி மூக்கில் வைத்துக்கொண்டார். “உள்ள இடம் இல்ல. வாடை வேற வருது. ஜன்னல் பக்கம் நின்னு கேளுங்க” என்றார். உள்ளே நாலு நாற்காலி காலியாகக் கிடந்தது. அம்மா வெளியே போய், வெயிலில், ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு கூட்டம் முடிகிறவரை நின்றாள். அவர் மார்க்கை வாசித்தபோது அம்மாவைப் பார்த்து, “கேக்குதா சலவைக்காரம்மா?” என்று இரண்டு தடவை கேட்டார். வகுப்பே சிரித்தது.

அன்றைக்குப் பிறகு அம்மா எந்தப் பள்ளிக்கூட வாசலையும் மிதிக்கவில்லை. மகள் பரிசு வாங்கினாள், வரவில்லை. மகள் டீச்சராகி முதல் நாள் வேலைக்குப் போனாள், அப்போதும் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டாள். இதையெல்லாம் மகள் மனசுக்குள் முடிச்சுப் போட்டு வைத்திருந்தாள். எங்கேயாவது, என்றைக்காவது அந்த ஆள் கண்ணில் பட்டால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்பது என்று கறுவிக்கொண்டே இருந்தாள். பஸ்ஸில், கடையில், ஆஸ்பத்திரி வரிசையில், காலருக்குள் கைக்குட்டை வைத்த எந்த ஆளைப் பார்த்தாலும் முகத்தைப் பார்க்காமல் விடமாட்டாள்.

கடைசியில் அவள் எங்கும் தேடிப்போக வேண்டியிருக்கவில்லை. ஆளே பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு அவள் வகுப்புக்கு வந்து சேர்ந்தார்.

புதிதாகச் சேர வந்த பெண்பிள்ளையின் விண்ணப்பத்தை டீச்சர் வாங்கிப் பார்த்தாள். ‘அப்பா பெயர்’ என்ற இடத்தை இரண்டு தடவை படித்தாள். நிமிர்ந்து பார்த்தாள். முடி நரைத்து, கன்னம் ஒட்டி, குரல் கம்மிப்போய் நின்றார். காலரில் கைக்குட்டை இருந்தது. கல்யாணம் தள்ளிப்போய்ப் பிறந்த ஒரே மகள். நெட்டையாக, மெலிந்து, கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றாள். ஒரே வாரத்தில் வகுப்பு அவளுக்குக் ‘கொக்கு’ என்று பெயர் வைத்துவிட்டது.

“நல்லாப் பாத்துக்கங்க டீச்சர்” என்றார் அவர். அவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்துத்தான் சொன்னார். ஒரு சந்தேகம், ஒரு தயக்கம், ஒன்றும் இல்லை. ஆளுக்கு அவளை அடையாளமே தெரியவில்லை. அது அவளுக்கு இன்னும் எரிந்தது.

அந்த வருஷம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பிள்ளைகள். டீச்சர் முப்பத்தேழு வீடுகளுக்குப் போனாள். கொக்கின் வீட்டுக்குப் போகவில்லை. முதல் போன் அழைப்பும் அந்த வீட்டுக்கு மட்டும் போகவில்லை. அந்தப் பிள்ளை நன்றாகத்தான் படித்தது. பக்கத்துப் பிள்ளைக்கு ரப்பர் கொடுத்தது, கரும்பலகையைச் சொல்லாமலே துடைத்தது. நல்ல சேதி சொல்ல ஆயிரம் இருந்தது. டீச்சர் ஒன்றையும் சொல்லவில்லை.

“டீச்சர், எங்க வீட்டுக்கு எப்ப வருவீங்க?” மூன்றாவது வாரம் கொக்கு கேட்டது.

“வரேன் வரேன்.”

“அப்பா சனிக்கிழமை கடையச் சீக்கிரம் மூடிட்டு வந்துடறார் டீச்சர். நீங்க வந்தாலும் வருவீங்கன்னு.”

“சரி சரி, போய் உக்காரு.”

அந்தப் பிள்ளை போய் உட்கார்ந்தது. டீச்சருக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது, இல்லையென்று சொல்ல மாட்டேன். ஆனால் சனிக்கிழமை சாயங்காலம் ஒரு ஆள் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று நினைத்ததும், சுருக்கென்றது இனித்துப்போயிற்று. அந்தச் சனிக்கிழமை அவள் பக்கத்துத் தெருவில்தான் வேறொரு வீட்டில் உட்கார்ந்து, இரண்டு கப் டீ குடித்தாள்.

அவருக்கு இப்போது ஜெராக்ஸ் கடை. ஒரு மெஷின், ஒரு கம்ப்யூட்டர், விண்ணப்பம் நிரப்ப வருகிறவர்களுக்கு ஒரு பெஞ்சு. டீச்சர் வேண்டுமென்றே அந்தக் கடைக்குப் போய்ப் பெற்றோர் கூட்டத்துக்கான அழைப்பைப் பிரதி எடுத்தாள். அவர் பரபரவென்று எழுந்து பெஞ்சைத் துடைத்தார்.

“எல்லார் வீட்டுக்கும் போறீங்களாமே. பாப்பா சொல்லுச்சு. எங்க வீடுதான் பாக்கி.”

“நேரம் அமையணுமே சார்.”

“நானும் ஒரு காலத்துல வாத்தியார்தான் டீச்சர். தொண்டை போச்சு. கத்திக் கத்திப் போச்சு. ஆபரேஷன் பண்ணுனாங்க, அப்புறம் வகுப்புக்குப் போக முடியல.”

“அப்படியா” என்றாள் டீச்சர். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாத சந்தோஷம். மெஷினிலிருந்து ஒவ்வொரு தாளாகச் சூடாக வந்து விழுந்தது. அந்தத் தாள்களை அவர் கையாலேயே அடுக்கி, ஓரம் தட்டி, அவளிடம் நீட்டினார்.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் சொன்னாள். அம்மா வேலையை விட்டு ஆறு வருஷம் ஆயிற்று, ஆனால் துணி மடிப்பது மட்டும் இன்னும் ஆஸ்பத்திரி மடிப்புத்தான், மூலைக்கு மூலை கத்தி மாதிரி நிற்கும். மடித்துக்கொண்டே மகள் சொன்னதைக் கேட்டாள்.

“அம்மா, சனிக்கிழமை நீ பள்ளிக்கூடத்துக்கு வரணும். அவனை ஜன்னல் பக்கம் நிக்க வைக்கப் போறேன். அதே மாதிரி. அதே வார்த்தை. எல்லாரும் பாக்க. கடைசில நான் யாருன்னு சொல்லப் போறேன். நீ உள்ள, முதல் வரிசைல உக்காந்து பாக்கணும்.”

“எதுக்கு?”

“எதுக்கா? உன்னை அத்தனை பேர் முன்னாடி வெளிய நிக்க வெச்சவன்மா அவன்.”

“நின்னேன். அதுக்கென்ன இப்ப? ஆஸ்பத்திரில இதைவிட எவ்வளவோ பாத்திருக்கேன்.”

“அப்புறம் எதுக்கும்மா நீ ஒரு தடவை கூட என் பள்ளிக்கூடத்துக்கு வரல? அவனாலதானே?”

அம்மா மடித்த விரிப்பை அடுக்கின் மேல் வைத்தாள். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள், கோபமே இல்லாமல்.

“நீயும்தான் சிரிச்ச.”

“நானா?” என்றாள் டீச்சர்.

“ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்த. அவர் என்னைக் கேட்டப்ப உன்னைத்தான் பாத்தேன். எல்லாரும் சிரிச்சாங்க, நீயும் சிரிச்ச. பத்து வயசுப் பிள்ளை, வேற என்ன பண்ணும்? நான் மறுபடி வந்தா நீ மறுபடி சிரிக்க வேண்டி வருமேன்னுதான் வரல.”

“சிரிக்கலைன்னா என்னைப் பாத்துச் சிரிச்சிருப்பாங்கம்மா.”

“தெரியும். அதான் உன்கிட்ட ஒண்ணும் கேக்கல. நான் வரல, நீ உன் வேலையைப் பாரு.”

வேறொருத்தியாக இருந்தால் அங்கேயே விட்டிருப்பாள். டீச்சர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசாமல் திரிந்தாள். மறந்துவிட்டதாக அவள் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று அது. மறக்கவில்லை, அதன் மேல் ஒரு ஆளைத் தூக்கி உட்கார வைத்திருந்தாள், அவ்வளவுதான். யோசிக்க யோசிக்கக் கோபம் அவள் பக்கம் திரும்பாமல் மறுபடி அந்த ஆள் பக்கமே போயிற்று. பெற்ற தாயைப் பார்த்து என்னைச் சிரிக்க வைத்தானே படுபாவி! அதற்கும் சேர்த்து அவன் நிற்கட்டும்.

கூட்டத்துக்கென்று அவளிடம் ஒரு வழக்கம் இருந்தது. முதல் நாள் பிள்ளைகள் ஆளுக்கொரு அட்டையில் தங்கள் அப்பா அல்லது அம்மா பெயரை எழுதி, படம் போட்டு, ஒரு நாற்காலியில் ஒட்டிவிட வேண்டும். மறுநாள் பெற்றோர் வந்து தங்கள் பெயர் ஒட்டின நாற்காலியைக் கண்டுபிடித்து உட்காருவார்கள், பிள்ளை பக்கத்தில் நிற்கும். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்கூடப் படத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள். வெல்டர் மகன் தீப்பொறி பறக்கிற மெஷினை வரைந்திருந்தான். கொக்கு ஒரு ஜெராக்ஸ் மெஷினிலிருந்து தாள்கள் பறவை மாதிரிப் பறந்து போவதாக வரைந்து, சுவரோரம் இரண்டாவது வரிசையில் ஒட்டியது. ஒட்டிவிட்டு விலகிப்போய் நின்று பார்த்து, கொஞ்சம் சாய்ந்திருக்கிறதென்று பிரித்து மறுபடி ஒட்டியது.

சனிக்கிழமை காலை டீச்சர் எல்லோருக்கும் முன்னால் வந்தாள். அந்த அட்டையை நகத்தால் சுரண்டிப் பிரித்து மேஜை இழுப்பறையில் போட்டாள். நாற்காலியைச் சாமான் அறைக்குள் கொண்டுபோய் வைத்துப் பூட்டினாள்.

பத்து மணிக்கு அறை நிறைந்துவிட்டது. முடி வெட்டுகிற அம்மா, லாரிக்காரர் மனைவி, வெல்டர், எல்லோரும் சிரிப்பும் பேச்சுமாக அவரவர் படத்தைக் கண்டுபிடித்து உட்கார்ந்தார்கள். கைக்குட்டை சார் கடையைப் பூட்டிவிட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, மகள் கையைப் பிடித்து வந்தார். கொக்கு அவரை இழுத்துக்கொண்டு நேரே சுவரோரம் போனது. அங்கே வெறும் தரை. முன்வரிசை பார்த்தது, பின்வரிசை பார்த்தது, பிறகு ஓடிவந்தது.

“டீச்சர், எங்க நாற்காலியக் காணோம்.”

டீச்சர் பிள்ளையைப் பார்க்காமல் அவரைப் பார்த்துச் சொன்னாள். “உள்ள இடம் இல்ல சார். ஜன்னல் பக்கம் நின்னு கேளுங்க.”

சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள். இருபத்தெட்டு வருஷம் வாயில் வைத்துக் காத்த வார்த்தை. எங்கேயாவது ஒரு நரம்பு துடிக்கும் என்று பார்த்தாள். அவர் “பரவால்ல டீச்சர், பரவால்ல” என்று சொல்லிக்கொண்டே வெளியே போய், வெயிலில், ஜன்னல் கம்பிக்குப் பின்னால் நின்றார். கழுத்து வியர்வையைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டார்.

டீச்சர் மதிப்பெண் தாள்களை எடுக்க இழுப்பறையைத் திறந்தாள். கொக்கு இன்னும் மேஜை பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தது. தாள்களுக்கு மேல் அந்த அட்டை கிடந்தது. பிள்ளை அட்டையைப் பார்த்தது, டீச்சரைப் பார்த்தது. ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் டீச்சர் ஏதாவது பொய் சொல்லியிருப்பாள்.

கூட்டம் தொடங்கியது. ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லி வந்து, கொக்கின் முறை வந்தபோது டீச்சர் ஜன்னல் பக்கம் திரும்பினாள். “கேக்குதா, ஜெராக்ஸ்காரரே?” என்றாள். பின்னால் நின்ற ஒரு பையன், “கொக்கோட அப்பா கூண்டுக்குள்ள மாட்டிக்கிட்டார்டா” என்று கிசுகிசுத்தான். பக்கத்தில் இருந்தவன் சிரித்தான். சிரிப்பு ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குப் பரவி, வகுப்பே சிரித்தது.

டீச்சர் அப்போது அந்த ஆளைப் பார்க்கவில்லை. அந்தப் பிள்ளையைத்தான் பார்த்தாள். சிரி, என்று மனசுக்குள் சொன்னாள். சிரிச்சுடு. பத்து வயசு, எல்லாரும் சிரிக்கறாங்க, நீ மட்டும் என்ன பண்ணுவ, சிரிச்சுடு. அந்தப் பிள்ளை ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டால் போதும், தன் நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கிவிடும் என்று இருந்தது அவளுக்கு. அவ்வளவு கேவலமாக அவள் எதற்கும் ஆசைப்பட்டதில்லை.

கொக்கு சிரிக்கவில்லை. உதடு கோணியது. சட்டை ஓரத்தைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, அத்தனை பேர் முழங்காலையும் இடித்துக்கொண்டு வெளியே நடந்தது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் போய் அப்பா பக்கத்தில் நின்று, அவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே பார்த்தது.

“உள்ள போ பாப்பா, டீச்சர் பேசறாங்கல்ல” என்று அவர் அதட்டுவது உள்ளே கேட்டது. அது நகரவில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது. அதற்கப்புறம் டீச்சர் என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது. மீதிப் பெயர்களை வாசித்தாள், தேர்வுத் தேதி சொன்னாள். பெற்றோர்கள் அவளைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் மற்ற வருஷங்கள் மாதிரி யாரும் மேஜையைச் சுற்றி நிற்கவில்லை. முடி வெட்டுகிற அம்மா மகளைக் கூட்டிக்கொண்டு நேரே வாசலுக்குப் போனாள். வெல்டர் மட்டும் வாசலில் ஒரு நிமிஷம் நின்றார்.

“என் நாற்காலியக் குடுத்திருப்பேனே டீச்சர். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். பிறகு மகன் தலையில் கைவைத்து, “அடுத்த தடவை நாங்க சீக்கிரம் வந்துடறோம்” என்றார். அந்தக் குரலில் பயம் இருந்தது. போனில் ‘என்னத்த உடைச்சான்’ என்று கேட்ட நாளில் இருந்த அதே பயம். அதைப் போக்க அவளுக்கு மாதக்கணக்கில் ஆகியிருந்தது.

கடைசியாகக் கைக்குட்டை சார் உள்ளே வந்தார். வெயிலில் முகம் கறுத்திருந்தது, ஆனால் மலர்ச்சியாகத்தான் இருந்தார்.

டீச்சர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். இனிமேல் நிறுத்த முடியாது. “என்னைத் தெரியுதா சார்?” என்றாள். “நான் உங்ககிட்ட அஞ்சாவது படிச்சவ. எங்கம்மா ஆஸ்பத்திரில துணி துவைச்சாங்க. நீங்க மூக்கைப் பிடிச்சுக்கிட்டு அவங்களை ஜன்னல் பக்கம் நிக்க வெச்சீங்க. இதே மாதிரி. கேக்குதா சலவைக்காரம்மான்னு கேட்டீங்க.”

அவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“எத்தனையோ பிள்ளைங்க டீச்சர். ஞாபகம் இல்ல” என்றார். பிறகு முகம் முழுக்கச் சிரிப்பு வந்தது. “ஆனா அப்பவே நினைச்சேன். கூட்டம் நடத்துனீங்களே, அதைப் பாத்ததும் நினைச்சேன். இந்தக் காலத்துல யாரு இப்படிக் கறாரா நடத்தறாங்க? பெத்தவங்களுக்கு ஒரு பயம் இருக்கணும்ல. நானும் அப்படித்தான் நடத்துவேன். என்கிட்ட படிச்சவங்கன்னா சும்மாவா!”

நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிக் கேட்பதற்கு அவள் சேர்த்து வைத்திருந்த நாலு கேள்வியில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அவனை அங்கேயே அறைந்துவிடலாம் போலிருந்தது. ஆனால் எதற்கென்று அறைவது? அவன் அவளைப் பாராட்டிக்கொண்டிருந்தான்.

“பாப்பா, பாத்தியா, உங்க டீச்சர் அப்பாகிட்ட படிச்சவங்க” என்று அவர் மகளை முன்னால் தள்ளினார். “இவங்ககிட்ட படிக்கக் குடுத்து வெச்சிருக்கணும். டீச்சருக்குத் தேங்க்ஸ் சொல்லு.”

கொக்கு கழுத்தை நீட்டி அவளை ஏறிட்டுப் பார்த்தது. அழுகை இல்லை. அட்டை கிடந்த இழுப்பறையை ஒரு தடவை பார்த்தது, பிறகு மறுபடி அவள் முகத்தை, மூக்கை, நெற்றியை, ஒவ்வொன்றாக, அவசரமே இல்லாமல் பார்த்தது.

“தேங்க்ஸ் டீச்சர்” என்றது.

அப்பாவும் மகளும் வெளியே போனார்கள். டீச்சர் ஓடிப்போய் அந்தப் பிள்ளையை நிறுத்தி ஏதாவது சொல்ல வேண்டுமென்று இரண்டடி வைத்தாள். சொல்ல என்ன இருக்கிறதென்று நின்றுவிட்டாள். இன்றைக்கே அந்த வீட்டுக்குப் போகலாம். அவன் நாற்காலியைத் துடைத்துப் போடுவான், டீ கொடுப்பான், எல்லாம் நடக்கும். ஆனால் அந்தப் பிள்ளை இதை மறக்காது. எப்படி மறக்காமல் இருப்பதென்று அவளுக்கா தெரியாது?